கூலி எவ்வளவு என்று கேட்ட பள்ளி

தொழிலாளர் இலக்கியம் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோதே கல்கத்தாவின் கிடர்பூர்ப் பகுதி உறுப்பினர்களுக்கு ஐயாவின் நினைவு வந்திருக்கும். துறைமுகத்தில் சரக்கு எண்ணும் டேலி கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாசகர் வட்டத்தில் எந்தக் கதை வாசிக்கப்பட்டாலும் அவர் கேட்பது இரண்டே கேள்விதான்: இவனுக்குக் கூலி எவ்வளவு? எத்தனை மணி நேர வேலை? கதைக்குள் பதில் இல்லையென்றால் அடுத்த புத்தகத்தை எடுக்கச் சொல்லிவிடுவார்.

இந்த அளவுகோல் கடல் கடந்தும் செல்லும். கார்க்கியின் ‘தாய்’ வழி வந்தவர்கள் பலரும் தொழிலாளி விழிப்படைவதையே கதையாக்கினார்கள். இங்கிலாந்தின் ராபர்ட் டிரெஸ்ஸலோ வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துப் பிழைத்தவர். 1911இல் இறந்தார், நாவல் 1914இல்தான் அச்சேறியது. ஸ்வீடனில் கதை வேறு. கப்பலில் கூலி வேலை பார்த்த ஹாரி மார்ட்டின்சனும், அவரைப் போலவே உழைத்துக் களைத்த எய்வின்ட் யோன்சனும் 1974இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஐயா அடிக்கடி எடுத்துக்காட்டியது ஜப்பானியர் தகிஜி கொபயாஷியை. வங்கி ஊழியர் அவர். விசாரித்துத் தெரிந்துகொண்டு 1929இல் ‘நண்டுக் கப்பல்’ நாவலை எழுதினார். நண்டைப் பிடித்து அங்கேயே டப்பாவில் அடைக்கும் அந்தக் கப்பலுக்குக் கப்பல் சட்டமும் கிடையாது, தொழிற்சாலைச் சட்டமும் கிடையாது. அந்த இடுக்கில்தான் முதலாளியின் லாபம். 1933இல் போலீஸ் காவலில் கொபயாஷி அடித்துக் கொல்லப்பட்டார். 2008இல், நிரந்தர வேலை இல்லாத இளைஞர்கள் வாங்கி வாங்கி, அதே நாவல் ஜப்பானில் விற்பனையில் முந்தியது.

வங்கத்தாரைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து, சிறையிலிருந்தபடியே நாவல் எழுதிய சமரேஷ் பாசு. ரிக்‌ஷா இழுத்த மனோரஞ்சன் பியாபாரி. இருவருக்கும் ஐயாவின் முழு மதிப்பெண் உண்டு.

ஆனால் அவருடைய பள்ளி ரகுநாதன் பள்ளி. 1953இல் வந்த ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ நாவல் நெசவாளர் வீட்டு அடுப்பையும் நூல் விலையையும் ஒரே கணக்கில் வைத்தது. அதன் தொடர்ச்சிதான் செல்வராஜ். தேயிலைத் தோட்டத்தைத் ‘தேநீர்’ என்றும், திண்டுக்கல் தோல்ஷாப்களைத் ‘தோல்’ என்றும் எழுதினார். பின்னதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது. சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கி ஊறிய தோலைப் புரட்டுகிறவனின் கைகால் என்னவாகும் என்பது அதில் தெரியும். தொழிலாளர் வழக்குகளை நடத்திய வக்கீலான செல்வராஜுக்குக் குழியின் நாற்றம் தெரிந்திருந்தது. நாமக்கல் பக்கத்துச் சின்னப்ப பாரதி வங்கத்து நிலக்கரித் தொழிலாளர்களைப் பற்றிச் ‘சுரங்கம்’ எழுதினார். கல்கத்தாத் தமிழர் எவரும் எழுதாததை அவர் எழுதினார் என்பதை ஐயா கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொல்வார்.

இன்று எழுதுகிறவர்களைக் குறை சொல்வது நோக்கமல்ல; நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் சில கதைகளில் காலையில் ஆலைச் சங்கு ஊதுகிறது, மாலையில் மறுபடி ஊதுகிறது, நடுவில் கதாநாயகன் என்ன செய்தான் என்பது அவனைப் படைத்தவருக்கே தெரியவில்லை. கிரேன் ஓட்டுகிறவன் மூட்டை சுமக்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவன் நிலாவைப் பார்த்து நான்கு பக்கம் பேசுகிறான். தூக்கம் வராதா அவனுக்கு? நடுவர்கள் இதற்கும் பரிசு தருகிறார்கள், பொன்னாடையும் போர்த்துகிறார்கள். அட்டையில் ஓங்கிய கை. உள்ளே பக்கத்துக்குப் பத்துப் பிழை. வாசகர் வட்டத்தில் வாசிப்பதை விடச் செல்ஃபி அதிகம், சமோசா வந்ததும் கூட்டமே கலைகிறது. ஐயா இருந்த காலத்தில் தேநீர்கூட விவாதம் முடிந்த பிறகுதான் வரும்.

எழுத வேண்டிய பொருளோ நம் வாசலிலேயே இருக்கிறது. இந்தக் கிடர்பூர் டாக் 1892இல் திறக்கப்பட்டது. கல்கத்தாவின் நதிக்கரையிலிருந்துதான் மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் சூரினாமுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவரான தோதாராம் சனாட்யா, ஃபிஜியில் கழித்த இருபத்தொரு ஆண்டுகளைப் பற்றி 1914இல் இந்தியில் நூல் வெளியிட்டார். இங்கே சரக்கு எண்ணியும் இறக்கியும் ஓய்வு பெற்ற தமிழர் வீடுகள் நம் உறுப்பினர் பட்டியலிலேயே உள்ளன. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இளைஞர்கள் முன்வர வேண்டும். அடுத்த மலரில் அதற்குப் பக்கம் ஒதுக்குமாறு குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். எழுதும்போது கூலித் தொகையை விட்டுவிட வேண்டாம்.