கடனோடு சேர்ந்து வரும் காப்பீடு

வீட்டுக் கடன் வாங்கியவர்கள் ஜனவரி, பிப்ரவரி வந்தால் வருமான வரிக் கணக்குக்காக வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் கேட்டு வாங்குவார்கள். பலருக்கு முதல் சந்தேகம் அந்தத் தாளைப் பார்க்கும்போதுதான் வருகிறது. கேட்டது நாற்பது லட்சம். கணக்கிலோ அசல் 41,20,000 ரூபாய் என்று இருக்கும். கிளைக்குப் போய் விசாரித்தால், "அது இன்சூரன்ஸ் சார், நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்பார்கள். கையெழுத்து அவருடையதுதான். எதற்காகப் போட்டார் என்பது அவருக்கு நினைவில்லை. அன்றைக்கு யாராவது விளக்கிச் சொன்னதாகவும் நினைவில்லை.

இப்படி வேண்டாத காப்பீட்டுக்குப் பல வருடம் பணம் கட்டிக்கொண்டிருப்பவர்கள் நம் நாட்டில் ஏராளம். அதற்காக இந்த ஏற்பாட்டையே ஏமாற்று என்று ஒதுக்கிவிட முடியாது. கடனோடு வரும் காப்பீட்டில் உண்மையிலேயே குடும்பத்தைக் காக்கிற பகுதி இருக்கிறது. காசை வீணடிக்கிற பகுதியும் இருக்கிறது. இரண்டும் ஒரே கட்டில் வருவதால் எது எது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

வழக்கமாக வருபவை இரண்டு பாலிசிகள். ஒன்று கட்டடத்துக்கானது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் போன்றவற்றால் வீடு சேதமானால் இழப்பீடு தரும். மற்றொன்று கடன் வாங்கியவரின் உயிருக்கானது. கடன் முடிவதற்குள் அவர் இறந்துவிட்டால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனம் அடைக்கும். முதலாவதற்குப் பிரீமியம் மிகக் குறைவு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் லட்சத்தைத் தொடும் தொகையை ஒரே தவணையாக எடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டடக் காப்பீட்டை வங்கி கேட்பதில் நியாயம் உண்டு. அடமானமாக இருக்கும் சொத்து அழிந்துபோனால் கடன் கொடுத்தவருக்கும் நஷ்டம், வாங்கியவருக்கும் நஷ்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை அடையாறு கரையோரத்து வீடுகளில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி வட்டாரம் மறுபடியும் மூழ்கியது. இந்தப் பகுதிகளில் வீடு வைத்திருப்பவருக்குக் கட்டடக் காப்பீடு ஆடம்பரச் செலவே இல்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுத் திட்டம் இந்த வகையில் நல்ல முன்னேற்றம். எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. வீட்டுப் பொருட்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய்க்கு, தனியாகக் கேட்காமலே பாதுகாப்பு கிடைக்கிறது.

இந்த நல்ல திட்டத்தைக் கடனோடு சேர்த்து விற்கும்போது அது கோணலாகிவிடுகிறது. கட்டடக் காப்பீட்டுக்கான தொகை, இடிந்த வீட்டைத் திரும்பக் கட்ட ஆகும் செலவாக இருக்க வேண்டும். பல இடங்களில் கடன் தொகையையே காப்பீட்டுத் தொகையாகப் போட்டுவிடுகிறார்கள். சென்னையில் 900 சதுர அடி ஃபிளாட்டை ஒருவர் 70 லட்சத்துக்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த விலையில் பெரும்பங்கு அவருக்குச் சேரும் மனைப் பங்கின் மதிப்பு. நிலம் எரிவதில்லை, இடிவதில்லை. சதுர அடிக்கு 2,500 ரூபாய் கட்டுமானச் செலவு என்று எடுத்துக்கொண்டால் அவருக்குத் தேவை 22.5 லட்சம் ரூபாய்க்கான காப்பீடு. கடன் 50 லட்சம் என்பதால் 50 லட்சத்துக்குப் பிரீமியம் கட்டினால், விபத்து நடந்தபின் அந்த 50 லட்சம் கைக்கு வராது. ஆன சேதத்துக்குத்தான் வரும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு வீண் செலவும் உண்டு. குடியிருப்போர் சங்கம் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரு பாலிசி எடுத்திருக்கும். அதே சுவர்களுக்கு ஒவ்வொரு வீட்டுக்காரரின் வங்கியும் தனித்தனியாக ஒன்று எடுத்திருக்கும். ஒரே சேதத்துக்கு இரண்டு முழு இழப்பீடு யாரும் தரமாட்டார்கள். நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கு பிரித்துக்கொள்ளும். சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் இதை ஒருவராவது எழுப்பினால் எல்லோருக்கும் கொஞ்சம் காசு மிச்சமாகும்.

உயிர்க் காப்பீட்டுக்கு வருவோம். இதற்கும் வலுவான வாதம் இருக்கிறது. நாற்பது வயதில் குடும்பத் தலைவர் போய்விட்டால், இருபது வருடத் தவணையை அந்தக் குடும்பம் எப்படிக் கட்டும்? தானாகவே டேர்ம் பாலிசி எடுத்து வைப்பவர்கள் குறைவு. கடனோடு சேர்த்துத் தருவதால் எத்தனையோ வீடுகள் ஏலத்துக்குப் போகாமல் தப்பியிருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று டேர்ம் பாலிசி மறுக்கப்படுபவருக்கும் கடனோடு வரும் குழுக் காப்பீட்டில் சில சமயம் இடம் கிடைக்கிறது. இந்தப் பயனைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது.

ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையைப் பார்க்க வேண்டும். பிரீமியம் 1,20,000 ரூபாய் என்று கொள்வோம். அதைக் கையிலிருந்து வாங்காமல் கடனில் ஏற்றிவிடுகிறார்கள். 8.5 சதவீத வட்டியில் இருபது வருடக் கடன் என்றால், இந்தத் தொகைக்கு மட்டும் மாதம் ஏறக்குறைய 1,041 ரூபாய் இ.எம்.ஐ. கூடுகிறது. 240 மாதம் கட்டி முடிக்கும்போது அது சுமார் இரண்டரை லட்சம். பிரீமியத்துக்கு மேல் இன்னொரு பிரீமியம் அளவுக்கு வட்டி. மாதத் தவணையில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம் யார் கண்ணிலும் படாது என்பதால்தான் இந்த முறை இத்தனை காலம் ஓடுகிறது.

பாதுகாப்பும் எல்லோரும் நினைப்பது போல முழுமையாக இருப்பதில்லை. இத்தகைய பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். கடன் குறைவதற்கு ஏற்ப அதுவும் குறைகிறது என்பது கணக்கு. அந்தக் குறைப்பு அட்டவணை முதல் நாளிலேயே ஒரு வட்டி விகிதத்தை வைத்து அச்சாகிவிடுகிறது. கடனோ மாறும் வட்டியில் ஓடுகிறது. 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்ந்தது. பலருக்கு இ.எம்.ஐ. அப்படியே இருக்க, கடன் காலம் வருடக் கணக்கில் நீண்டது. அசல் மெதுவாகக் குறைகிறது. காப்பீடு பழைய அட்டவணைப்படி வேகமாகக் குறைகிறது. நடுவில் விழும் இடைவெளியைக் குடும்பம்தான் கட்ட வேண்டும். கடன் இருபது வருடத்துக்கும் காப்பீடு அதில் பாதிக்கும் மட்டும் இருக்கிற பாலிசிகளும் உண்டு. கணவன், மனைவி இருவர் சம்பளத்தையும் காட்டிக் கடன் வாங்கியிருப்பார்கள், காப்பீடு ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் வேர் கையெழுத்துப் போடும் அந்த ஒரு மணி நேரத்தில் இருக்கிறது. விற்பவருக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, பத்திரப்பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சார் பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்டிருக்கிறது. மேசையில் ஐம்பது அறுபது பக்கக் கட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சிலால் சின்னப் பெருக்கல் குறி. ஊழியர் ஒரு கையால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே "இங்க… இங்க… கீழேயும் ஒண்ணு" என்கிறார். அந்தக் கட்டுக்குள் காப்பீட்டு விண்ணப்பமும் இருக்கிறது, உடல்நல உறுதிமொழியும் இருக்கிறது. யாராவது கவனித்து "இது கட்டாயமா?" என்று கேட்டால், "இல்லாட்டி சாங்ஷன் லேட்டாகும் சார்" என்று பதில் வரும். அந்த நிலையில் எத்தனை பேர் மறுப்பார்கள்?

உடல்நல உறுதிமொழியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நோயும் இல்லை என்ற கட்டங்களில் ஊழியரே டிக் அடித்துவிடுவார். விண்ணப்பதாரருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பின்னால் அவர் இறந்தபின் குடும்பம் தொகையைக் கேட்கும்போது, நோயை மறைத்தார் என்று காப்பீட்டு நிறுவனம் மறுக்க இந்த ஒரு பக்கம் போதும். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி மூன்று வருடம் கடந்த பாலிசியை இப்படிக் கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருடத்துக்குள் நடப்பவைதான் நீதிமன்றப் படியேறுகின்றன. காப்பாற்ற வேண்டிய பாலிசியே கைவிடும் இந்த நிலை, கூடுதல் வட்டியைவிடப் பெரிய குறை.

விதிகள் இல்லாமல் இல்லை. காப்பீடு வாங்குவது வாடிக்கையாளரின் சொந்த விருப்பம், அதை வேறு எந்த வங்கிச் சேவையோடும் பிணைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2016இலேயே ஆணையிட்டிருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் ஒப்புதலாகும் தனிநபர் கடன்கள் அனைத்துக்கும் முக்கியத் தகவல் அறிக்கை தர வேண்டும். வங்கி வாடிக்கையாளரிடமிருந்து வாங்கிக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தரும் கட்டணத்தையும் சேர்த்தே ஆண்டுக்கான மொத்தச் செலவு விகிதத்தை அதில் காட்ட வேண்டும். அந்த அறிக்கையில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் வசூலிக்க முடியாது. நல்ல விதி. ஆனால் அந்த அறிக்கையும் அதே கட்டுக்குள் இன்னொரு பென்சில் குறியோடு வந்தால் பயன் பாதியாகிவிடும்.

விற்பவரைத் தூண்டும் பணத்தையும் பார்க்க வேண்டும். வங்கிக்கு ஒவ்வொரு பாலிசிக்கும் கமிஷன் உண்டு, கிளைக்கு இலக்கும் உண்டு. 2023 ஏப்ரலில் காப்பீட்டு ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் பாலிசி வகைக்கு இவ்வளவுதான் கமிஷன் என்ற பழைய உச்சவரம்புகளை நீக்கி, நிறுவனத்தின் மொத்தச் செலவுக்கு மட்டும் வரம்பு வைத்தன. 2024 நவம்பரில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மும்பையில் வங்கியாளர்கள் கூட்டத்தில் பேசியபோது, தவறாகக் காப்பீடு விற்பது மக்களின் கடன் செலவை மறைமுகமாகக் கூட்டுகிறது என்று குறிப்பிட்டார். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் இளம் ஊழியரைத் திட்டிப் பயனில்லை. அவருடைய மேலதிகாரி மாலையில் கேட்பது எத்தனை பாலிசி என்ற எண்ணிக்கையைத்தான்.

பிரிட்டன் இதே பாதையில் நடந்து, பெரும் விலை கொடுத்துத் திரும்பியது. அங்கே கடனோடு தவணைப் பாதுகாப்புக் காப்பீட்டைச் சேர்த்து விற்றார்கள். 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்த பிளெவின் வழக்கு இதற்குத் தெளிவான சாட்சி. கணவரை இழந்த கல்லூரி ஆசிரியை ஒருவர் தம் வீட்டின் பேரில் 34,000 பவுண்ட் கடன் வாங்கினார். அதோடு 5,780 பவுண்ட் பிரீமியம் ஏற்றப்பட்டது. கடன் பத்து வருடத்துக்கு, காப்பீடு ஐந்து வருடத்துக்கு. அந்தப் பிரீமியத்தில் 71.8 சதவீதம் கமிஷனாகப் போனது அவருக்குச் சொல்லப்படவில்லை. இவ்வளவு பெரிய கமிஷனை மறைத்ததே அந்தக் கடன் உறவை நியாயமற்றதாக்கியது என்று நீதிமன்றம் சொன்னது. இப்படிக் காப்பீடு விற்கப்பட்டவர்கள் புகார் கொடுக்கக் கடைசி நாள் 2019 ஆகஸ்ட் 29 என்று நிதி ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்தது. அந்நாட்டு நிதி நிறுவனங்கள் திருப்பிக் கொடுத்த மொத்தத் தொகை 38 பில்லியன் பவுண்டைத் தாண்டியது.

பணத்தைத் திருப்பியதோடு பிரிட்டன் நின்றுவிடவில்லை. கடன் கொடுக்கும் நேரத்திலேயே அந்தக் காப்பீட்டை விற்கக் கூடாது, ஏழு நாள் இடைவெளி வேண்டும் என்று விதித்தது. மொத்தப் பிரீமியத்தையும் ஒரே தவணையாக வாங்குவதையும் தடுத்தது. நம் ஒழுங்குமுறை அமைப்புகள் இந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கடன் ஒப்புதல் ஒரு நாள், காப்பீட்டுப் பேச்சு வேறொரு நாள் என்று ஆக்கிவிட்டால் நல்ல பாலிசி தன் தகுதியிலேயே விற்கும். பத்திரப்பதிவு அவசரத்தைக் காட்டி விற்க வேண்டியிருக்காது. பிரீமியத்தைக் கடனில் ஏற்றுவதற்கோ எந்த நியாயமும் தெரியவில்லை. அதை முற்றிலும் நிறுத்த வேண்டும்.

அதுவரை கடன் வாங்கியவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கடன் கணக்கின் முதல் மாத ஸ்டேட்மென்டை எடுத்து, பணம் பட்டுவாடா ஆன நாளில் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் ஏதாவது பற்று இருக்கிறதா என்று பாருங்கள். உயிர்க் காப்பீட்டுப் பாலிசி கைக்கு வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். திரும்பும் தொகையைக் கடன் கணக்கிலேயே வரவு வைக்கச் சொல்லுங்கள். ரத்து செய்யுமுன் தனியாக ஒரு டேர்ம் பாலிசி கையில் இருக்கட்டும். கட்டடப் பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து, மீதிக் காலத்துக்கான பிரீமியத்தைத் திரும்பப் பெறலாம். அதற்குமுன் சரியான தொகைக்கு வேறொன்று எடுத்து, அதன் நகலை வங்கியில் கொடுத்துவிடுங்கள். கடனை முன்கூட்டி அடைத்தவர்களும் வேறு வங்கிக்கு மாற்றியவர்களும் பழைய பாலிசியின் சரண்டர் தொகையைக் கேட்டுப் பாருங்கள். கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தரப்போவதில்லை. வங்கியிடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ எழுதிக் கேட்டு 30 நாளில் பதில் வராவிட்டால், வங்கியின் மீது ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடமும், காப்பீட்டு நிறுவனத்தின் மீது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமும் கட்டணமில்லாமல் புகார் கொடுக்கலாம். முதலாவதற்கு உதவி எண் 14448. காப்பீட்டு ஆணையத்தின் புகார் எண் 155255.