நாட்டுடைமையான மூலமும் உரிமையுள்ள பதிப்பும்: மின்படிப் பகிர்வு குறித்த திறனாய்வு

ஆய்வாளர்கள் தமக்குள் நூல்களின் மின்படிகளைப் பகிரும்போது எழும் உரிமை வினாவுக்குப் பெரும்பாலும் 'நாட்டுடைமை' என்ற ஒற்றைச் சொல்லே விடையாக அமைகிறது. இவ்விடை மூலத்திற்குப் பொருந்தும். பதிப்பு முழுமைக்கும் பொருந்தாது. பதிப்பித்தவருக்கு உரியது போல் ஒலிக்கும் 'பதிப்புரிமை' என்ற சொல்லும் இக்குழப்பத்திற்கு ஓரளவு காரணம் எனலாம்.

பாரதி படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது. 1955இல் அவை பொதுவுடைமையாயின. இவ்வரலாற்றை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' விரிவாக ஆராய்கிறது. ஆயினும் அன்று விடுவிக்கப்பட்டவை பாரதியின் எழுத்துகள் மட்டுமே. சீனி. விசுவநாதன் 23 தொகுதிகளாகக் காலவரிசையில் தொகுத்த பதிப்பில் கவிதை யாவருக்கும் உரியது. பதிப்பாசிரியர் எழுதிய குறிப்புகள் அவருக்கு உரியவை. மாறாக, 1942இல் மறைந்த உ. வே. சாமிநாதையரின் உரைக்குறிப்புகளுக்கான அறுபது ஆண்டுக் காலம் 2002உடன் முடிந்தது. அவற்றின் மறுபதிப்பில் புதிதாகச் சேர்ந்த முன்னுரைக்கன்றிப் பிறவற்றுக்கு உரிமை கோர இயலாது. அச்சமைப்புக்கென 25 ஆண்டு உரிமை வழங்கும் பிரித்தானியச் சட்டக்கூறு இந்தியச் சட்டத்தில் இல்லை.

இந்த எல்லையை ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் மோடக் வழக்கில் (2007) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்புரைகள் பொதுவானவை, அவற்றின் எழுத்துப்பிழையைத் திருத்துவதால் மட்டும் உரிமை பிறப்பதில்லை, பதிப்பாசிரியரின் அறிவுத்திறனும் தெரிவும் வெளிப்படும் பகுதிக்கே பாதுகாப்பு உண்டு. சுவடிப் பதிப்பில் பாடத்தேர்வு இவற்றுள் எதைச் சாரும்? சாக்கடல் சுருள் ஒன்றின் சிதைந்த பகுதிகளை மீட்டமைத்த கிம்ரோனுக்கு அவ்வாசகத்தின் மீது உரிமை உண்டென 2000இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைத் தமிழ்ப் பதிப்புலகம் பின்பற்றுவது தவறாகும். பாடத்தைத் தெரிவு செய்யும் பதிப்பாசிரியர், புலவன் எழுதியது இதுவே என்று வாதிடுகிறார். அதைத் தம் படைப்பு என உரிமை கோரினால் அவ்வாதத்தை அவரே கைவிட்டவராகிறார். மேலும், ஒருவர் கண்ட சரியான பாடத்தை ஏற்க அடுத்த பதிப்பாசிரியர் இசைவு பெற வேண்டியிருந்தால் மூலபாட ஆய்வு முன்னகராது.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தனிப்பட்ட ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. உரிமையுள்ள பதிப்பை முழுமையாக நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்புவதை அதில் அடக்குவது கடினம். தில்லிப் பல்கலைக்கழக ஒளிப்படி வழக்கின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்புகள் இதற்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அவை ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின்போது மேற்கொள்ளும் படியெடுப்பைப் பற்றியவை. அதற்கு அப்பால் அவற்றை நீட்டுவது பிழை. எனினும், அச்சில் இல்லாத பதிப்பின் படி தொலைதூர நூலகத்தில் மட்டும் இருக்கையில், சிற்றூர்க் கல்லூரியில் பயிலும் ஆய்வாளரிடம் சட்டத்தை மட்டும் சுட்டுவது அவரது ஆய்வையே தடுப்பதாகும். விற்பனையில் இல்லாத நூலை, வணிக நோக்கற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்கு மூன்று படிகள் வரை எடுக்க அதே பிரிவு இடமளிக்கிறது. நூலகங்கள் இவ்வழியை இன்னும் துணிவுடன் கையாளலாம்.

பகிரப்படும் மின்படி பலவற்றில் முகப்புப் பக்கமும் முன்னுரையும் இருப்பதில்லை. உரிமைக்காலம் கடந்த நூலுக்கும் இது தீங்கே. அத்தகைய படியிலிருந்து மேற்கோள் காட்டும் ஆய்வேட்டில் பதிப்பாசிரியர் பெயரும் ஆண்டும் விடுபடுகின்றன. அங்கு ஆளப்பட்ட பாடம் எந்தச் சுவடியின் வழியது எனப் பின்வருபவர் அறிய இயலாமல் போகிறது.