ஹோல்டன் மீது எழுபதாண்டு வழக்கு

ஜே.டி. சாலிஞ்சரின் 'தி கேட்சர் இன் தி ரை' 1951 ஜூலை 16 அன்று வெளிவந்தது. அதைப் பற்றிய சண்டை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹார்கோர்ட் பிரேஸ் பதிப்பகத்தில் ராபர்ட் ஜிரூ கைப்பிரதியைப் படித்து மனதைப் பறிகொடுத்தார். அவருடைய மேலதிகாரி யூஜின் ரேனலோ, இந்தப் பையன் பைத்தியமா என்று கேட்டார். சாலிஞ்சர் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு லிட்டில் பிரவுனுக்குப் போனார். அவருடைய சிறுகதைகளை வெளியிட்டுவந்த 'நியூயார்க்கர்' இதழும் நாவலிலிருந்து ஒரு பகுதியைக்கூட எடுத்துப்போட மறுத்தது. ஒரே வீட்டில் இத்தனை சூட்டிகையான பிள்ளைகளா, நம்ப முடியவில்லை என்றார்கள்.

கதை மிகச் சிறியது. ஹோல்டன் கால்ஃபீல்டுக்கு 16 வயது. பென்சில்வேனியாவில் ஒரு வசதியான உறைவிடப் பள்ளியில் ஐந்து பாடங்களில் நான்கில் தோற்று வெளியேற்றப்படுகிறான். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. உடனே வீட்டுக்குப் போக மனமில்லாமல் நியூயார்க்கில் சுற்றுகிறான். ஓட்டலில் தங்குகிறான், குடிக்கிறான், பழைய சினேகிதியோடு சண்டை போடுகிறான், சென்ட்ரல் பார்க் குளம் உறைந்துபோனால் அங்கிருக்கும் வாத்துகள் எங்கே போகும் என்று டாக்சி ஓட்டுநர்களைக் கேட்கிறான். கடைசியில் பத்து வயதுத் தங்கை ஃபீபியிடம் வந்து சேர்கிறான். வழியில் எதிர்ப்படும் முக்கால்வாசிப் பேரை அவன் 'போலி' என்று ஒதுக்குகிறான். வாசகர்களை இரண்டாகப் பிளந்தது இந்த ஒரு சொல்தான்.

எனக்கு 19 வயது இருக்கும்போது பழைய புத்தகக் கடையில் இந்த நாவல் கிடைத்தது. அரக்குச் சிவப்பு அட்டை, மஞ்சள் எழுத்து, படம் ஏதுமில்லை. ஒரே இரவில் படித்து முடித்தேன். அடுத்த ஒரு மாதம் என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் எனக்குப் போலிகளாகத் தெரிந்தார்கள். நாற்பதைத் தாண்டி மறுபடி எடுத்தபோது முதல் ஐம்பது பக்கம் எரிச்சலாக இருந்தது. இந்தப் பையனுக்கு என்ன குறை என்று கேட்டுக்கொண்டே படித்தேன். ஏறக்குறைய எல்லா வாசகர்களும் இந்த இரண்டு நிலைகளில் ஏதோ ஒன்றில் நிற்பவர்கள்தாம். எழுபது ஆண்டு விமர்சனத்தைத் திரும்பிப் பார்த்தாலும் அதே இரண்டு குரல்கள்தாம் மாறி மாறிக் கேட்கின்றன.

வெளிவந்த வாரத்திலேயே 'நியூயார்க் டைம்ஸ்' மிகச் சிறந்த முதல் நாவல் என்று கொண்டாடியது. 'கிறிஸ்டியன் சயன்ஸ் மானிட்டர்' இது பிள்ளைகள் படிக்கத் தகாதது என்றது. 'கத்தோலிக் வேர்ல்ட்' மொழியைக் கண்டித்தது. இதற்கிடையில் நாவல் முப்பது வாரம் விற்பனைப் பட்டியலில் இருந்தது. 1958இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் பேசிய வில்லியம் ஃபாக்னர் நாவலை மனமாரப் பாராட்டினார். மனித குலத்தோடு சேர்ந்துகொள்ள ஒரு சிறுவன் ஓடி வருகிறான், வந்து பார்த்தால் அங்கே மனித குலமே இல்லை. இதுவே ஹோல்டனின் துயரம் என்பது அவர் கண்டது. மறு ஆண்டே ஜார்ஜ் ஸ்டைனர் சலித்துக்கொண்டார். சாலிஞ்சரைப் பற்றி எழுதிக் குவிப்பதைப் பேராசிரியர்கள் ஒரு தொழிலாகவே ஆக்கிவிட்டார்கள் என்று அவர் எழுதினார்.

எதிர்ப்புக் குரல்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது 1962இல் மேரி மெக்கார்த்தி எழுதியது. சாலிஞ்சரின் உலகம் ஒரு மனமகிழ் மன்றம் போன்றது. உள்ளே இருப்பவர்கள், வெளியே இருப்பவர்கள் என்று மனிதர்கள் பிரிக்கப்படுகிறார்கள். படிப்பவரும் தானாகவே உள்ளே இருப்பவர் பக்கம் சேர்ந்துவிடுகிறார் என்றார். இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 19 வயதில் எனக்கு நடந்தது இதுதான். போலிகளைத் திட்டும் ஒருவனோடு சேர்ந்துகொண்டால், தான் போலி இல்லை என்ற சான்றிதழ் செலவில்லாமல் கிடைத்துவிடுகிறது. எத்தனையோ லட்சம் இளைஞர்கள் இந்த நாவலை அப்படித்தான் நேசித்தார்கள். அந்த நேசத்தில் ஒரு பழுது இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

தடைகளின் கதை வேறு. 1960இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பதினோராம் வகுப்புக்கு இதைப் பாடமாக வைத்த ஆசிரியர் வேலை இழந்தார். முறையிட்டதில் வேலை திரும்பக் கிடைத்தது. நாவல் மட்டும் பள்ளிக்குத் திரும்பவில்லை. 1978இல் வாஷிங்டன் மாநிலத்தில் ஒருவர் நாவல் முழுவதையும் அலசி, 785 கெட்ட வார்த்தைகள் இருப்பதாகக் கணக்குக் கொடுத்தார். அப்படி எண்ணியவர் இருபத்தைந்தாம் அத்தியாயத்தையும் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். தங்கையின் பள்ளிக்கூடச் சுவரில் யாரோ எழுதிவைத்த ஆபாச வார்த்தையை ஹோல்டன் அங்கே பார்க்கிறான். ஃபீபியும் மற்றச் சிறுபிள்ளைகளும் அதைப் படித்துவிடுவார்களே என்று பதறுகிறான். எழுதியவனைக் கொல்ல வேண்டும் போல் அவனுக்கு வருகிறது. கையால் தேய்த்து அழிக்கிறான். இன்னொரு இடத்தில் அதே வார்த்தை கத்தியால் கீறப்பட்டிருக்கிறது. அதை அழிக்க முடியவில்லை. குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்று நாவலைத் தடை செய்தவர்களுக்கும் ஹோல்டனுக்கும் இருந்த கவலை ஒன்றேதான். இது அவர்களுக்குத் தெரியாமலே போனது பெரிய சோகம்.

1980 டிசம்பர் 8 அன்று ஜான் லெனனைச் சுட்டுக் கொன்றவன் கையில் இந்த நாவல் இருந்தது. அதற்குப் பிறகு பலருக்கு இது அச்சமூட்டும் புத்தகமாகிவிட்டது. ஒரு கொலைகாரன் வைத்திருந்தான் என்பதை வைத்து நாவலைப் பற்றி எதையும் சொல்ல முடியாது என்பதே என் முடிவு.

அதைவிடக் கனமானது வர்க்கத்தைப் பற்றிய கேள்வி. 1976இல் கரோல் ஓமான், ரிச்சர்டு ஓமான் இருவரும் எழுதிய நீண்ட கட்டுரையில், பணமும் அந்தஸ்தும் மனிதரைப் பிரிப்பதைத்தான் நாவல் சொல்கிறது, விமர்சகர்களோ அதை எங்கும் எப்போதும் உள்ள 'விடலைப் பருவச் சிக்கல்' என்று மழுங்கடித்துவிட்டார்கள் என்றார்கள். இன்றைய வாசகர்கள் இதையே வேறு திசையிலிருந்து கேட்கிறார்கள். அப்பா பெரிய வழக்கறிஞர், கை நிறையப் பணம், ஒரு பள்ளி துரத்தினால் இன்னொரு பள்ளி. இவன் எதற்குப் புலம்ப வேண்டும்? 2009இல் 'நியூயார்க் டைம்ஸ்' பள்ளி ஆசிரியர்களிடம் பேசியபோது, இப்போதைய மாணவர்களுக்கு ஹோல்டன் ஒரு சிணுங்கியாகத் தெரிகிறான் என்று அவர்கள் சொன்னார்கள். அதற்கு ஐந்தாண்டு முன்பு 'வாஷிங்டன் போஸ்ட்'டின் ஜொனதன் யார்ட்லி நாவலைத் திரும்பப் படித்துவிட்டு, தாள முடியாத அளவுக்கு மோசம் என்று தீர்ப்பெழுதியிருந்தார்.

இந்தக் கேள்விக்கு விடை நாவலிலேயே இருக்கிறது. ஹோல்டன் முன்பு படித்த பள்ளியில் அவனுடைய அறைத்தோழன் டிக் ஸ்லேகிளிடம் மலிவான பெட்டிகள்தாம் இருந்தன. ஹோல்டனுடைய பெட்டிகள் அசல் பசுத்தோலால் ஆனவை. தன் பெட்டிகளை அடுக்குப் பலகையில் வைக்க வெட்கப்பட்டு ஸ்லேகிள் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். அவனைத் தனியாக விடக்கூடாது என்று ஹோல்டனும் தன் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் வைக்கிறான். மறுநாள் ஸ்லேகிள் ஹோல்டனின் பெட்டிகளை எடுத்து மறுபடி பலகையில் வைக்கிறான். பார்க்கிறவர்கள் அவற்றைத் தன்னுடையவை என்று நினைக்கட்டும் என்பதற்காக. இருவரும் பிறகு பிரிந்துவிடுகிறார்கள். ஹோல்டனுக்கு அவனைப் பிடித்திருந்தும் பெட்டிகள் குறுக்கே நின்றன. பணக்காரப் பையனின் சிணுங்கல் என்று ஒதுக்குகிறவர்கள் இந்த ஒன்றரைப் பக்கத்துக்கு என்ன சொல்வார்கள்?

அமெரிக்காவுக்கு வெளியே தீர்ப்புகள் இவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை. 1960இல் ரீத்தா ரைட்-கவல்யோவாவின் ரஷ்ய மொழிபெயர்ப்பு வந்தது. வசவுகள் மென்மையாக்கப்பட்டிருந்தும் சோவியத் இளைஞர்கள் அதைத் தங்கள் புத்தகமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மனியில் ஹைன்ரிஷ் ப்யோல் கை வைத்த பதிப்பு 1962இல் வந்தது. ஜப்பானில் ஏற்கெனவே ஒரு நல்ல மொழிபெயர்ப்பு இருக்க, 2003இல் ஹருகி முரகாமி புதிதாக ஒன்று செய்தார்.

இனி என் தரப்பு. நேசித்தவர்களும் வெறுத்தவர்களும் நாவலின் ஒரே பாதியைத்தான் படித்திருக்கிறார்கள். இருவருமே ஹோல்டனின் வசவைக் கேட்டார்கள். ஒருவர் கைதட்டினார், இன்னொருவர் முகம் சுளித்தார். வசவுக்கு அடியில் ஒரு சாவு வீடு இருக்கிறது.

நான்காம் அத்தியாயத்தில் அறைத்தோழன் ஸ்டிராட்லேட்டர் தனக்காக ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்கிறான். ஒரு அறையையோ வீட்டையோ வருணிக்க வேண்டும். ஹோல்டனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் தம்பி ஆலியின் பேஸ்பால் கையுறையைப் பற்றி எழுதுகிறான். இடக்கைக்காரனான ஆலி அந்தக் கையுறையின் விரல்களிலும் உள்ளங்கையிலும் பச்சை மையால் கவிதைகளை எழுதி வைத்திருந்தான். மைதானத்தில் பந்து வராத நேரத்தில் படிப்பதற்காக. 1946 ஜூலை 18 அன்று ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனான். அவனுக்கு வயது 11. அன்றிரவு 13 வயது ஹோல்டன் காரேஜில் படுத்து, எல்லாச் சன்னல் கண்ணாடிகளையும் வெறும் முஷ்டியால் உடைத்தான். மருத்துவமனையில் இருந்ததால் தம்பியின் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. மழை வந்தால் இன்றைக்கும் கை வலிக்கிறது.

இதற்குப் பிறகு வருகிற எல்லாமே வேறாகத் தெரியும். குளம் உறைந்தால் வாத்துகள் எங்கே போகும் என்ற கேள்வி வேறாகக் கேட்கும். கல்லறைத் தோட்டத்தில் மழை வந்ததும் எல்லோரும் காருக்குள் ஓடிவிடுகிறார்கள், ஆலி மட்டும் அங்கேயே கிடக்கிறான் என்பதை அவனால் தாங்க முடியவில்லை. மனம் நொந்தால், முன்பொரு நாள் கூட்டிப்போக மறுத்த தம்பியிடம் சைக்கிளை எடுத்துக்கொண்டு வா என்று சத்தமாகப் பேசுகிறான். ஃபிஃப்த் அவென்யூவில் ஒவ்வொரு தெருவைக் கடக்கும்போதும் தான் மறைந்துபோய்விடுவோம் என்று பயந்து ஆலியிடம் கெஞ்சுகிறான், கடந்ததும் நன்றி சொல்கிறான். உனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று சொல் என்று ஃபீபி கேட்கும்போது அவன் வாயிலிருந்து வருவதும் ஆலியின் பெயர்தான். ஆலிக்குச் சிவந்த முடி. ஹோல்டன் நியூயார்க்கில் ஒரு டாலருக்கு வாங்கிய வேட்டைத் தொப்பியும் சிவப்பு.

சாலிஞ்சர் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது இந்த நாவலின் சில அத்தியாயங்கள் அவரோடு இருந்தன. பிறகு ஹுர்ட்கன் காட்டுப் போரில் இருந்தார், ஒரு நாஜி முகாமைக் கண்ணால் பார்த்தார், 1945இல் நியூரம்பர்க்கில் மனச்சோர்வுக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். 1944இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையில் ஹோல்டன் என்பவன் போரில் காணாமல் போயிருக்கிறான். இத்தனை சாவுகளை அருகிருந்து பார்த்த ஒருவர் எழுதிய நாவலில் போர்க்காட்சி ஒன்றுகூட இல்லை. ஒரு சிறுவனின் கையுறைதான் இருக்கிறது.

பதின்வயதில் இதைப் படித்துக் கொண்டாடியவர்களையும், நடுவயதில் படித்து எரிச்சலடைந்தவர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புத்தகத்தை மறுபடி எடுங்கள். ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கி, ஆலியின் பெயர் வரும் இடங்களில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுக்கொண்டே படியுங்கள். இருநூற்றுச் சொச்சம் பக்கம்தான். இரண்டு மாலைகள் போதும்.