பி செவன்த்துக்காக ஒரு பஸ்

பீட்டில்ஸ்காரர்களுக்கு ஸ்வரக்குறிப்பு வாசிக்கத் தெரியாது என்று நம் நண்பர்கள் அடிக்கடி சொல்கிறார்கள். சொல்லும்போது குரலில் ஓர் ஆசுவாசம். யாப்பு படிக்காமல் எழுத வந்ததற்கு லிவர்பூலிலிருந்து சாட்சி கிடைத்துவிட்டது. இந்தச் சாட்சியைக் கொஞ்சம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறேன்.

1963 டிசம்பரில் லண்டன் 'டைம்ஸ்' இசை விமர்சகர் வில்லியம் மான், லெனன்–மெக்கார்ட்னி பாட்டுகளைப் பற்றி எழுதினார். 'நாட் எ ஸெகண்ட் டைம்' முடியும் இடத்துக்கு ஏயோலியன் காடென்ஸ் என்று பெயர் சொல்லி, மாலரின் 'பூமியின் பாடல்' முடிவோடு சேர்த்துவைத்தார். அது என்னவென்றே தனக்குத் தெரியாது, ஏதோ அயல்தேசத்துப் பறவைகள் மாதிரி இருக்கிறது என்று 1980-இல் ஒரு பேட்டியில் லெனன் சொன்னார். விமர்சகனைக் கேலி செய்ய இதைவிட வசதியான கதை கிடையாது. ஆனால் லெனனுக்குத் தெரியாமலிருந்தது பெயர் மட்டுமே.

இன்னொரு கதை உண்டு. மெக்கார்ட்னி பலமுறை சொன்னதுதான். ஏனோ நம்மிடையே அது செலாவணியாகவில்லை. பையன்களாக இருந்தபோது கிதாரில் ஈ, ஏ இரண்டும் அவர்களுக்குக் கைவசம். பி செவன்த் தெரியாது. ஊரின் மறுகோடியில் யாரோ ஒருவருக்கு அது தெரியும் என்று கேள்விப்பட்டு, பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டு வந்தார்கள். கார்ட் என்கிற ஸ்வரக்கூட்டு ஒன்றுக்காக ஒரு பஸ் பயணம். ஈயும் ஏயும் எதற்காகக் காத்திருக்கின்றன என்று காதுக்குத் தெரிந்தவன்தான் இதற்கெல்லாம் காசு செலவழிப்பான். இதைத் தியரி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

இனி 1965-இல் வந்த 'யெஸ்டர்டே'. மெக்கார்ட்னி ஆறு தந்திகளையும் ஒரு முழு ஸ்வரம் இறக்கிக்கொள்கிறார். கை ஜி மேஜரில் வாசிக்கிறது. கேட்பது எஃப் மேஜர். கையின் கணக்கிலேயே சொல்கிறேன். முதல் தாள அளவு ஜி. இரண்டாவதில் எஃப் ஷார்ப் மைனர் செவன்த், உடனே பி செவன்த். மூன்றாவதில் ஈ மைனர். பி செவன்த்துக்குள் இருக்கும் டி ஷார்ப், ஜி மேஜருக்குச் சொந்தமில்லாத ஸ்வரம். ஈக்கு அரை ஸ்வரம் கீழே நின்று அதன்மேல் சாய்கிறது. வீடு ஜிதான் என்று ஓர் அளவு முழுக்கச் சொன்ன பாட்டு, அடுத்த அளவிலேயே வாசலைத் தாண்டிவிடுகிறது. தாண்ட வைப்பது அந்த பஸ்ஸில் வந்த கார்ட்.

மெட்டும் இதற்குத் துணை. ஏறும்போது ஸி ஷார்ப், டி ஷார்ப். இறங்கும்போது இரண்டும் அரை ஸ்வரம் தணிந்து வெறும் டி, வெறும் ஸி. மேற்கத்திய இலக்கணத்தில் இது மெலாடிக் மைனர். ஆரோகணம் ஒன்று, அவரோகணம் ஒன்று என்று கேட்டுப் பழகிய நமக்கு இதில் மிரள ஒன்றுமில்லை. மெட்டு தூக்கத்தில் வந்தது என்பார் மெக்கார்ட்னி. வரட்டும். பல வருஷம் விரலில் ஊறியது தூக்கத்தில் வந்தது.

எதிர்த்தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்ன நான்கு கார்டுகளை இன்ன வரிசையில் போட்டால் பாட்டு என்று சொல்லும் கிதார்ப் புத்தகங்களைப் புரட்டியிருக்கிறேன். பியானோவில் ஸ்வரங்கள் கண்முன் வரிசையாகக் கிடக்கின்றன. கிதாரில் ஒரே ஸ்வரம் மூன்று நான்கு இடங்களில் ஒளிந்திருக்கிறது. அதனால் விரல் வடிவத்தை மனப்பாடம் செய்துவிட்டு, காதைக் கூப்பிடாமலே வாசித்துவிடலாம். அப்படிப் பிறக்கும் பாட்டுகள் கல்யாண வாழ்த்துப் பாக்கள் மாதிரி. தேமாவும் புளிமாவும் குற்றமில்லாமல் உட்கார்ந்திருக்கும். மாப்பிள்ளை பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

'யெஸ்டர்டே'யில் சரணத்துக்கு 7 அளவுகள். இந்த மாதிரிப் பாட்டுகளில் வழக்கம் 8. நம் வெண்பாவின் ஈற்றடியும் நாலாம் சீர் இல்லாமல்தான் நிற்கிறது. ஆனால் அங்கே அது விதி. மெக்கார்ட்னிக்கு யாரும் விதிக்கவில்லை. எட்டு எட்டாகவே கேட்டு வளர்ந்த காது, ஏழாவது முடிந்ததும் இன்னோர் அடி எடுத்து வைக்கிறது. அதற்குள் அடுத்த சரணம் ஜியில் தொடங்கிவிடுகிறது. போனவளைப் பற்றிய வார்த்தைகளைவிட அந்த இடத்தில்தான் எனக்கு அவள் போய்விட்டது உறைக்கிறது.