பாதியில் நிற்கும் போர்ப்பாடல்

புகலிடத்தில் இருந்து எழுதுபவனைப் பார்த்து ‘அப்போது நீ எங்கே நின்றாய்?’ என்று கேட்பது எம்மவரின் விமர்சன முறைகளில் ஒன்றாகவே ஆகிவிட்டது. கவிதைக்கும் கேட்கிறோம், நாவலுக்கும் கேட்கிறோம். அங்கு நிற்காதவனுக்குத் துயரத்தின் மீது உரிமை இல்லை என்பதே இக்கேள்வியின் உட்கிடை. சொற்களே இல்லாத ஓர் இசைப்படைப்பிடம் இதைக் கேட்டால் என்ன பதில் வரும்? செக் நாட்டவரான கரேல் ஹூசா அமெரிக்காவில் இருந்து இயற்றிய ‘பிராக் 1968க்கான இசை’யை இக்கேள்வியோடுதான் கேட்கத் தொடங்கினேன். இசை எனது துறையல்ல. நான் கற்பித்தது வேறு. இப்போது செய்யும் வேலை அதனினும் வேறு. ஆயினும் இது இசை வல்லுநரிடம் மட்டும் விட்டுவிடக்கூடிய விடயமாக எனக்குப் படவில்லை.

ஹூசா 1921 இல் பிராக்கில் பிறந்தவர். 1946 இல் மேற்படிப்புக்காகப் பாரிஸ் சென்றார். 1948 இல் நாட்டில் ஆட்சி மாறியது, திரும்பிப் போக மறுத்தார், கடவுச்சீட்டு செல்லாததாக்கப்பட்டது. 1954 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கச் சென்று 1959 இல் அமெரிக்கப் பிரசையானார். (இக்கதையின் முற்பாதி எம்மில் பலருக்குப் பரிச்சயமானது. பிற்பாதியில் அவர் பல்கலைக்கழகத்துக்குப் போனார், நாம் தொழிற்சாலைக்குப் போனோம்.) 1968 ஆகஸ்ட் 20 ஆம் திகதி இரவு வார்சோ ஒப்பந்த நாடுகளின் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்தபோது அவர் கயூகா ஏரிக்கரையில் இருந்த தன் வீட்டில் பீ.பீ.சி. வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏரிக்கரையில் இருந்தபடி ஊர் அழிவதைக் கேட்பது எப்படியென்று, 2009 மே மாதத்தை லெமான் ஏரிக்கரையில் தொலைபேசியும் கையுமாகக் கழித்த எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

அவர் இதை வயலின்கள் நிறைந்த பெரிய வாத்தியக் குழுவுக்காக முதலில் எழுதவில்லை. இதாக்கா கல்லூரி மாணவர்களின் கொன்சேர்ட் பாண்ட் கேட்டதற்கு இணங்கி எழுதினார். குழல்கள், பித்தளை ஊதுகருவிகள், தாளக்கருவிகள் இவைதாம் அக்குழு. 1969 ஜனவரி 31 இல் வொஷிங்டனில் கென்னத் ஸ்னாப்பின் நெறியாள்கையில் அம்மாணவர்கள் அரங்கேற்றினார்கள். படைநடைக்கும் பூங்காக் கச்சேரிக்கும் உரியதென்று கருதப்பட்ட குழு அது. ஓர் இராணுவம் நகருக்குள் வந்ததைச் சொல்ல இராணுவங்களின் கருவிகளே பயன்பட்டிருக்கின்றன. ஹூசாவின் பாரிஸ் ஆசிரியர்களுள் ஒருவரான ஆர்தர் ஒனெகெர், லோசானுக்கு அண்மையிலுள்ள மெஸியேர் கிராமத்து ஜோரா அரங்குக்காக 1921 இல் ‘தாவீது அரசன்’ எழுதியபோதும் பெரும்பாலும் ஊதுகருவிகளையே நம்பினார்; கிடைத்த ஆட்கள் அவர்கள்தாம்.

வோ மாநிலத்தில் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் இத்தகைய குழுவொன்றைக் காணலாம். என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் ஊர்க் குழுவில் துரொம்போன் வாசிக்கிறார். இப்படைப்பின் இறுவட்டைத் தந்தவரும் அவரே. எங்கள் ஊரிலோ ஊதுவதும் அடிப்பதும் எவருடைய வேலை என்பதைச் சாதி தீர்மானித்தது. நாதஸ்வரமும் தவிலும் ஒரு பகுதியினருக்கு, பறை இன்னொரு பகுதியினருக்கு, கேட்டுத் தலையாட்டுவது மற்றவர்களுக்கு. இங்கு வந்த பின்னும் பிள்ளைகளை வயலினுக்கும் வாய்ப்பாட்டுக்கும் அனுப்புகிறோம். தவிலுக்கு எத்தனை பேரை அனுப்பினோம்? இது தனியே பேசவேண்டியது.

படைப்பு ஏறத்தாழ இருபது நிமிடம் நீள்கிறது, நான்கு பகுதிகள். முதலில் பிக்கலோ என்னும் சிறுகுழல் தனியே ஒரு பறவையைப் போலக் கூவுகிறது. அதன் அடியில் மூன்று சுரக்கட்டுகள் மிக மெல்லிதாக வருகின்றன. தூரத்தில் திம்பனி முரசு ஒரு பழைய பாடலின் தொடக்கத்தை முணுமுணுக்கிறது. பிறகு எக்காளங்கள் அபாய அழைப்பு விடுக்கின்றன. இரண்டாம் பகுதிக்கு ‘ஆரியா’ என்று பெயர். ஆனால் சாக்ஸபோன்களும் தாழ்ந்த குரலுடைய கருவிகளும் இழுத்து வரும் அதனை எவராலும் வாயால் பாட முடியாது. முதலில் மெல்லிதாய்க் கேட்ட அந்த மூன்று சுரக்கட்டுகள் இங்கு நடுவில் பேரிரைச்சலாகத் திரும்பி வருகின்றன. மூன்றாம் பகுதியில் தாளக்கருவிகள் மட்டுமே. நாள் முழுவதும் தகடு வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவனுக்கு ஒரு விடயம் தெரியும்: ஒழுங்காக வரும் சத்தத்தைக் காது விரைவில் மறந்துவிடும். ஹூசா அப்படி மறக்க விடவில்லை. சத்தங்களுக்கு இடையிலுள்ள வெளிதான் இங்கு பயமுறுத்துகிறது. அடுத்த அடி எப்போது விழும் என்று காத்திருக்க வைக்கிறது. அந்தக் காத்திருப்பின் முடிவில் இராணுவ மத்தளம் வளர்ந்து வளர்ந்து, இடைவெளியின்றி நான்காம் பகுதிக்குள் எம்மைத் தள்ளிவிடுகிறது.

அந்தப் பழைய பாடல் பதினைந்தாம் நூற்றாண்டு ஹுஸ்ஸியர்களின் போர்ப்பாடல். 1415 இல் கொன்ஸ்தான்ஸில், இன்றைய சுவிஸ் எல்லையின் ஓரத்தில், எரிக்கப்பட்ட யான் ஹுஸ்ஸைப் பின்பற்றியவர்கள் பாடியது. 1431 இல் இப்பாடலைக் கேட்டே எதிரிப்படை தொமாஷ்லிட்ஸேயில் ஓடிப்போனது என்பது செக் மக்களின் ஐதீகம். ஸ்மெத்தனா தனது ‘என் தாய்நாடு’ தொகுதியில் இதே பாடலை வெற்றி முழக்கமாக்கினார். ஹூசா என்ன செய்கிறார்? இறுதிப் பகுதியில் வாசிப்போர் தமக்குத் தரப்பட்ட துணுக்குகளைத் தத்தம் போக்கில் வாசிக்க, எல்லாம் குழம்பிச் சிதறுகிறது. அக்குழப்பத்தில் இருந்து முழுக் குழுவும் ஒரே சுரவரிசையில் இப்பாடலைப் பிடிக்கிறது. பக்கச்சுரம் இல்லை, இசைவுக்கட்டு இல்லை.

இங்குதான் எனக்குத் தடக்குகிறது. எல்லோரும் ஒரே குரலில் பேசவேண்டும் என்பதற்காக எத்தனை குரல்கள் எம்மிடையே அடைக்கப்பட்டன என்று அறிந்தவர்களுக்கு, இப்படியான ஒருமித்த முழக்கம் மெய்சிலிர்ப்பை மட்டும் தருவதில்லை. முதற்தடவை கேட்டபோது, இவரும் கடைசியில் கொடியைத் தூக்கிவிட்டார் என்றே நினைத்தேன். ஆனால் திரும்பத் திரும்பக் கேட்கையில் ஒன்று தெளிவாகிறது. அப்பாடல் இப்படைப்பில் எங்குமே முழுதாக வருவதில்லை. முணுமுணுப்பாகத் தொடங்கியதும் முழக்கமாக முடிவதும் அதன் பகுதிகள்தாம். கேட்பவர் மனதில் எதிர்பார்க்கும் மிச்ச அடிகள் வந்து சேர்வதில்லை. ஒற்றைக் குரல் அதிகாரமாக இறுகுவதற்கு முன்னரே நிறுத்தப்படுகிறது. இதைத் தோல்வியின் ஒப்புதல் என்று கொள்ளலாம். ஏரிக்கரையில் இருந்தவனுக்கு மிச்சத்தைப் பாட உரிமையில்லை என்ற நேர்மை என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ஹூசா ஒரு முன்னுரையும் எழுதி, ஒவ்வொரு கச்சேரியிலும் அது முழுதாக அச்சிடப்பட வேண்டும், அல்லது சபையில் வாசிக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பறவை என்றால் சுதந்திரம், மணியோசை என்றால் நூறு கோபுர நகரின் அபாயமும் வெற்றியும், போர்ப்பாடல் என்றால் குன்றாத நம்பிக்கை என்று அது பொருள் சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு இந்த முன்னுரை பிடிக்கவில்லை. இசை தயங்கும் இடத்தில் உரை உறுதி தருகிறது. இசையில் பாதியில் நிற்கும் பாடலுக்கு உரையில் நம்பிக்கை என்று பெயர். ஆனால் இதை ஏன் எழுதினார் என்பது புரியாமலில்லை. விசாரணை அறையில் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, ஊர், திகதி, காரணம் எல்லாம் ஒப்புவித்த பின்னரே எம் குரலை எவராவது கேட்டார்கள். அகதி தன் கதையை முன்னுரையோடுதான் தொடங்கப் பழகியிருக்கிறான்.

2009க்குப் பின் எம்மிடையே வந்த நினைவுப் பாடல்களுக்கு முன்னுரையே தேவைப்படுவதில்லை. கீபோர்ட்டில் தந்தியோசை எழும்பும்போதே எங்கே அழவேண்டும் என்று தெரிந்துவிடும். கடைசிச் சரணத்தில் விடியலும் வந்துவிடும். இழந்தவர்கள் அவற்றைக் கேட்டு அழுவதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. இயற்றுபவர்களைக் கேட்கலாம்: கண்ணீரும் விடியலும் இல்லாத ஓரிடத்தில் கேட்பவரை ஒரு நிமிடமாவது நிறுத்தி வைக்க உங்களுக்குத் துணிவு உண்டா? அதற்குரிய கருவிகள் எமக்கு இல்லையென்று சொல்லமுடியாது. சாவீட்டுப் பறைக்கு அது தெரியும்.

1989 இல் பிராக்கில் ஆட்சி கவிழ்ந்தது. 1990 பெப்ரவரியில் ஹூசா அங்கு சென்று, பெரிய வாத்தியக் குழுவுக்கென மாற்றி எழுதியிருந்த வடிவத்தைத் தானே நெறிப்படுத்தினார். 2016 இல் அமெரிக்காவில் இறந்தார். டாங்கிகள் போய்விட்ட நகரில், தாய்மொழி பேசும் சபைக்கு முன்னாலும் அந்தப் பாடலின் மிச்ச அடிகளை அவர் சேர்க்கவில்லை.