விண்மீன் ஒளியில் ஒரு பள்ளம்

ஜி.ஜே. 1214 பி என்ற கோள் 2009-இல் கண்டுபிடிக்கப்பட்டது; அதைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. அரிசோனாவின் ஹாப்கின்ஸ் மலையில், 40 செ.மீ. ஆடி கொண்ட எட்டுத் தொலைநோக்கிகள் மங்கலான சிவப்புக் குறுமீன்களின் ஒளியை இரவுதோறும் அளந்துவந்தன. சுமார் 48 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஒன்று மட்டும் 38 மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழ 1.4 சதவீதம் மங்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம்கூட நீடிக்கவில்லை. கோள் ஒன்று குறுக்கே போகிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மங்கிய அளவு கோளின் ஆரத்தைச் சொன்னது: பூமியைப் போல் சுமார் 2.7 மடங்கு. இதே கோள் சூரியனைப் போன்ற மீனைக் கடந்தால் மங்கல் 0.06 சதவீதத்தைத்தான் எட்டும். சின்ன மீன்களாகப் பார்த்துத் தேர்ந்ததில்தான் இந்தத் தேடலின் சாமர்த்தியம்.

நிறையை அறிய, சிலியிலுள்ள ஹார்ப்ஸ் நிறமாலைமானி விண்மீனின் தள்ளாட்டத்தை அளந்தது. கணக்கிட்டால் அடர்த்தி பூமியினுடையதில் பாதிக்கும் குறைவு, வெறும் பாறையல்ல. நீராவியா, ஹைட்ரஜன் போர்வையா? ஹப்பிள் எடுத்து 2014-இல் வெளியான நிறமாலை தட்டையாகவே இருந்தது. உயரத்து மேகமோ புகைமூட்டமோ விடையை மறைத்துவிட்டது. பூமிக்கும் நெப்டியூனுக்கும் இடைப்பட்ட இந்த அளவில் சூரியக் குடும்பத்தில் ஒரு கோளும் இல்லை.