அரைத் துணிக்கை: ஒரு மதிப்பீடு

உலோகத்தைக் குளிர்விக்க அதன் மின்தடை குறைதல் இயல்பு. ஆயின் 1934 இல் தே ஹாஸும் அவருடன் பணியாற்றியோரும் இலெய்டனில் பொன்னை ஆராய்ந்தபோது, தடை ஓர் இழிவை அடைந்து மீண்டும் ஏறக் கண்டனர். காந்தத் தன்மையுள்ள மாசணுவின் கறங்கலை இலத்திரன்கள் புரட்டியவாறு சிதறுவதே காரணம் என 1964 இல் யப்பானிய அறிஞர் கொண்டோ கணித்துக் காட்டினார். மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் இலத்திரன்கள் அக்கறங்கலை முற்றாக மறைக்கின்றன. எஞ்சுவது இலத்திரனை ஒத்த போலித் துணிக்கைகளே என்று 1974 இல் நொசியேர் விளக்கினார்.

1980 இல் நொசியேரும் பிளாண்டினும் வேறொரு நிலையை முன்வைத்தனர். ஒன்றோடொன்று கலவாத இரு இலத்திரன் கூட்டங்கள் சம வலிமையுடன் ஒரே கறங்கலை மறைக்க முயலின், மறைப்பு அளவை மீறுகிறது. அவ்வொப்புமை அங்கு செல்லாது. 1980களின் நடுப்பகுதியில் வெளிவந்த கணிதத் தீர்வுகள், மாசில் எஞ்சும் எந்திரப்பி இருநிலைத் தொகுதியொன்றினதில் சரிபாதி எனக் காட்டின. 1992 இல் எமரியும் கிவெல்சனும் இப்பாதியை, தானே தன் எதிர்த்துணிக்கையாகும் மயோரானாவாக விளக்கினர்.

இவ்விளக்கத்தின் அழகை நாம் மறுக்கவில்லை. விடைகாண இயலாதிருந்த சிக்கலை அது எளிமையாக்கியது. எனினும், அக்கணிப்பு இடைத்தாக்கத்தின் ஒரு சிறப்புப் பெறுமானத்திலேயே செப்பமாக நிறைவேறுகிறது என்பது நோக்கற்பாலது. கணிப்பின் வசதிக்காகப் பிறந்த பெயர், காணப்பட்ட பொருளின் பெயராக மாறிவிடுதல் எளிது.

பரிசோதனையோ வேறொன்றைக் கூறுகிறது. 2007 இல் குறைகடத்தியில் அமைத்த குவாண்டம் புள்ளியொன்றில் இருகூட்ட நிலை எட்டப்பட்டது. அளக்கப்பட்ட கடத்துதிறன் கொள்கைக்கு இணங்கியது. இரு கூட்டங்களின் வலிமையில் சிறு வேறுபாடு தோன்றினும் அந்நிலை குலையும் என்பதால், இஃது அரிய சாதனையே. ஆனால் கடத்துதிறன் இணங்குவது கொள்கைக்குச் சான்றாகுமேயன்றி, அரைத் துணிக்கையை நேரே கண்டதாகாது. பாதி என்பது நிலைகளின் எண்ணிக்கை பற்றிய கூற்று. அதற்கு நேரிய சான்று எந்திரப்பியை அளத்தலே.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. நுண்கம்பியில் கடத்துதிறனைச் சான்றாகக் காட்டி மயோரானாவை நிறுவ முயன்று 2018 இல் வெளிவந்த கட்டுரை, அறிவியற் கண்டிப்புப் போதாமையால் 2021 இல் மீளப்பெறப்பட்டது. அத்தொகுதி வேறாயினும் படிப்பினை ஒன்றே.

ஆதலின் தமிழில் இத்துறையை எழுதுவோர் முதலில் அளக்கப்பட்டதைக் கூறி, பின்னரே அதற்கு இட்ட பெயரைக் கூறுதல் தகும். போலித் துணிக்கை என்னும் தொடரிலுள்ள 'போலி' என்ற அடை நமக்கு நல்ல எச்சரிக்கையாகும், அதனை விட்டுவிடலாகாது.